பதினோரு பெட்டிகளில் எது எது வேண்டும்?

2024 பிப்ரவரி 11

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டது, அப்படியே:

"அண்ணா, பின்பக்கம் அடிவாங்கிய 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்தோம். இன்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன. பைப் சேஸிஸ் கிட் ஓசூரில் வெல்டிங் முடிந்து வந்துவிட்டது. இன்ஜினைப் பின்னால் வைத்து பக்கி (திறந்த சின்ன வண்டி) கட்டுகிறோம். தோப்புக்குள் ஓட்டத்தான், ரோட்டுக்கு இல்லை. வண்டியைப் பிரித்ததில் மொத்தம் பதினோரு எலக்ட்ரானிக் பெட்டிகள். வயரிங் செட்டை முழுசாக எடுத்தோம், ஆனால் எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்கவில்லை. இன்ஜின் ஓட ஈசிஎம் (இன்ஜின் பெட்டி) ஒன்று போதும், மீதியை எடைக்குப் போடு என்கிறார் மெக்கானிக். போடலாமா?"

போடாதீர்கள் தம்பி. பதினொன்றையும் ஒரு சாக்கில் கட்டி உள்ளே வையுங்கள். காவேரிப்பட்டணத்தில் வயரிங் கடை வைத்துப் பதினேழு வருடம் ஆகிறது. எடைக்குப் போட்ட பெட்டியைத் தேடி மறுநாள் காலையிலேயே இரும்புக் கடைக்கு ஓடியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். அந்தப் பதினொன்றில் ஒன்று ஏர்பேக் பெட்டி. அதற்குப் போகும் கப்ளர் (வயர் முனையில் மாட்டும் சாக்கெட்) மஞ்சளாக இருக்கும், வயர் மேல் உறையும் பெரும்பாலும் மஞ்சள்தான். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ஏர்பேக்கை இன்னும் கழற்றவில்லை என்றால், பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது காத்திருந்து கை வையுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜோடு இருக்கும். ஏர்பேக் வயரில் மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்ப்பது கூடவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றியதை முகப்பு மேலே பார்க்கும்படி வையுங்கள், கவிழ்த்து வைக்காதீர்கள்.

2024 பிப்ரவரி 11, இரவு

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

பெட்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரை ஈரத்துணியால் துடைத்துப் படியுங்கள். பெட்ரோல் போட்டுத் துடைத்தால் எழுத்தே போய்விடும். பாஷ் தயாரிப்பாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர்களுடைய நம்பர் 0 261 என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜின் பெட்டி. 0 281 என்றால் டீசல். 0 265 ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது). 0 285 ஏர்பேக். வண்டி எந்தக் கம்பெனி என்றாலும் இது மாறாது.

வண்டிக் கம்பெனி நம்பரும் பேசும். சுசுகியில் 33920 என்று ஆரம்பித்தால் இன்ஜின். டொயோட்டாவில் 89661 இன்ஜின், 89170 ஏர்பேக், 89650 பவர் ஸ்டீயரிங். ஹூண்டாயில் 39110 இன்ஜின், 95910 ஏர்பேக், 58920 ஏபிஎஸ். ஃபோக்ஸ்வேகனில் முதல் மூன்றை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் மூன்று இலக்கத்தைப் பாருங்கள்: 906 இன்ஜின், 920 டேஷ்போர்டு மீட்டர், 937 பாடி கன்ட்ரோல் (லைட், ஹாரன் போன்றவற்றைப் பார்ப்பது), 614 ஏபிஎஸ்.

2024 பிப்ரவரி 12

ஸ்டிக்கர் கிழிந்துபோன பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உருவத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஏபிஎஸ்ஸைத் தவறவிடவே முடியாது. அலுமினியக் கட்டியோடு ஒட்டிய பெட்டி, அந்தக் கட்டியில் பிரேக் பைப் போகும் ஆறு ஓட்டைகள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு. பவர் ஸ்டீயரிங் பெட்டிக்கு ஸ்டார்ட்டர் வயர் போலத் தடித்த இரண்டு வயர் வரும். ஏர்பேக் பெட்டி சீட்டுக்கு நடுவில் தரையோடு போல்ட் போட்டிருக்கும், மேலே வண்டியின் முன்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும். இன்ஜின் பெட்டியில் ஊசிகள் அதிகம், பெரிய கப்ளர் ஒன்றோ இரண்டோ லீவர் பூட்டோடு இருக்கும். பாடி கன்ட்ரோல் பெரும்பாலும் டேஷ்போர்டு ஃபியூஸ் பாக்ஸின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங் பூட்டைச் சுற்றி வளையம் போல ஒன்று இருந்தால் அது சாவிக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கும் ஆன்டெனா. அதைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறதே, நம்பர் எதுவும் இல்லாதது, அது பிறகு மாட்டிய சென்ட்ரல் லாக்காக இருக்கும். அதை ஒதுக்கி வைக்கலாம்.

2024 பிப்ரவரி 18

என் கதையைச் சொல்லாமல் மேலே போவது சரியில்லை.

சித்தப்பாவின் தோப்பில் மருந்து டேங்க்கும் கூடைகளும் ஏற்ற நானும் இப்படி ஒன்றைக் கட்டினேன். டோனர் வண்டி, அதாவது பாகங்களை எடுப்பதற்காக வாங்கிய பழைய வண்டி, நல்ல ஓட்டத்தில் கடைக்கு வந்தது. மறுநாளே பிரித்துவிட்டேன், உங்களைப் போலவே. அந்த வண்டி சொல்லத் தயாராக இருந்த எதையும் நான் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியில் ஒரு கப்ளரைப் பிடுங்கி, எது நிற்கிறது, எந்த லைட் எரிகிறது, ஸ்கேனரில் என்ன எரர் கோட் விழுகிறது என்று பார்த்திருந்தால் அரை நாளில் எல்லாம் விளங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் போனது.

அதற்குப் பிறகு வந்த டோனர் வண்டிகளில் இப்படித்தான் செய்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று. சாவியை அணைத்துவிட்டு ஒரு பெட்டியை மட்டும் கழற்றுவேன், ஏர்பேக்கைத் தவிர. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மற்ற பெட்டிகள் அதைப் பற்றி என்ன புகார் சொல்கின்றன என்று படிப்பேன். யு0100 என்றால் இன்ஜின் பெட்டியைக் காணோம் என்று மற்றவை சொல்கின்றன. யு0121 ஏபிஎஸ்ஸைக் காணோம். யு0140 பாடி கன்ட்ரோல். யு0151 ஏர்பேக். யு0155 மீட்டர். எந்தப் பெட்டி எதைத் தேடுகிறது என்று அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். கப்ளரின் இரண்டு பாதியிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே நம்பரை மார்க்கரில் எழுதுவேன். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், கிரீஸ் கை பட்டால் அழிந்துவிடும்.

உங்கள் வண்டி பிரித்தாகிவிட்டது. பரவாயில்லை. வயரிங் செட்டைத் தரையில் வண்டி வடிவத்திலேயே விரியுங்கள்: மூக்கு ஒருபக்கம், டிக்கி ஒருபக்கம். ஏர்பேக்கையும் ஒதுக்கிய கறுப்புப் பெட்டியையும் விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் பொருந்தும் கப்ளரில் மாட்டுங்கள். கப்ளர்கள் ஒன்றுக்கொன்று மாறி ஏறாது, அது நமக்கு நல்லது. எர்த் வளையங்கள் எல்லாவற்றையும் ஒரே போல்ட்டில் சேர்த்து நெகட்டிவில் கொடுங்கள். வண்டியில் பாடியே எர்த், தரையில் பாடி இல்லை. இதை மறந்தால் நல்ல பெட்டியும் செத்த பெட்டி மாதிரி நடிக்கும்.

2024 பிப்ரவரி 25

தர்மபுரியிலிருந்து இன்னொருவர் கேட்கிறார்: போனோடு பேசும் ப்ளூடூத் ஸ்கேனர் அடாப்டர் இஎல்எம் 327 போட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு பெட்டிதான் காட்டுகிறது, அப்படியென்றால் மற்றவை தேவையில்லையா?

அப்படி இல்லைங்க. அந்த விலை குறைந்த அடாப்டரோடு வரும் ஆப் பெரும்பாலும் புகை சம்பந்தப்பட்ட பெட்டியை மட்டும்தான் கூப்பிடும். பெட்டிகள் கேன் என்ற வயர் வழியாகப் பேசிக்கொள்ளும் வண்டியில் இன்ஜின் பெட்டி 7இ8 என்ற முகவரியில் பதில் சொல்லும், ஆட்டோமேட்டிக் கியராக இருந்தால் பெரும்பாலும் 7இ9. மற்ற பெட்டிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு முகவரியில் இருக்கின்றன. கூப்பிடாததால் அவை பேசவில்லை.

சரி, எவ்வளவு பெட்டி இருந்தால் இன்ஜின் ஓடும்? என் கணக்கு மூன்று. ஈசிஎம், இம்மொபிலைசர் (சாவி சிப்பைச் சரிபார்க்கும் பெட்டி), மீட்டர். கூடவே அதே வண்டியின் சாவி, சாவி சிப்பைப் படிக்கும் ஆன்டெனா வளையம், ஆக்ஸிலேட்டர் பெடல். பெடலைப் பெட்டியாக யாரும் எண்ணுவதில்லை. கேபிள் இல்லாத வண்டியில் அதற்குள் இரண்டு சென்சார் இருக்கிறது, இரண்டும் சொல்வது ஒத்துப்போனால்தான் ஈசிஎம் நம்பும். வேறு வண்டிப் பெடலைப் போட்டால் நம்பாது.

ஈசிஎம்மை மட்டும் தனியாக விலை பேசி வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாவியும் இம்மொபிலைசரும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொண்ட கூட்டம். ஒன்றைப் பிரித்தால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது, அல்லது பிடித்து ஒரு விநாடியில் அணைந்துவிடும்.

2024 மார்ச் 3

மூன்று பெட்டி என்று போன வாரம் எழுதியதைத் திருத்துகிறேன். அது என் வண்டிக்குச் சரி, எல்லா வண்டிக்கும் இல்லை.

பாலக்கோட்டுத் தம்பி நேற்றுப் போனில் சொன்னது: ஒன்பதையும் மாட்டியபோது ஸ்கேனர் ஒழுங்காகப் பேசியது. ஈசிஎம், இம்மொபிலைசர், மீட்டர் மூன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றியதும் சில நேரம் பேசுகிறது, சில நேரம் பேசவில்லை. வயரை அசைத்தால் மாறுகிறது.

லூஸ் கனெக்‌ஷன் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ஓம் பார்க்கச் சொன்னேன். 120 வந்தது. 60 வந்திருக்க வேண்டும்.

கேன் என்பது முறுக்கிய இரண்டு வயர். அதன் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும், இரண்டும் சேர்ந்து 60 காட்டும். ஒன்று பெரும்பாலும் ஈசிஎம்முக்குள் இருக்கும். இன்னொன்று மீட்டரிலோ பாடி கன்ட்ரோலிலோ ஏபிஎஸ்ஸிலோ, அது கம்பெனியின் இஷ்டம். தம்பி கழற்றிய பெட்டிகளில் ஒன்றுக்குள் அந்த ரெசிஸ்டர் இருந்திருக்கிறது. முனையில் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சிக்னல் கிணற்றுக்குள் கூப்பிட்டது போல எதிரொலிக்கும். வயர் குட்டையாக இருந்தால் அதையும் மீறி ஓடும். அந்தச் சில நேரம்தான் ஏமாற்றுவது.

கழற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றிலும் கேன் வரும் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் அளக்கச் சொன்னேன். ஏபிஎஸ்ஸில் 120 காட்டியது. மற்றவை பல ஆயிரம் ஓம். ஏபிஎஸ் வேண்டாம் என்றால் அதன் கப்ளர் இருந்த இடத்தில் 120 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போட்டால் போதும். இரண்டு ரூபாய்ப் பொருள். வைத்ததும் 60 வந்தது, ஸ்கேனரும் விடாமல் பேசுகிறது.

நடுவில் சேதியைக் கடத்திவிடும் கேட்வே பெட்டி இருக்கும் வண்டிகளில் சாக்கெட்டில் அளப்பது இன்ஜின் பக்கத்து வயரைக் காட்டாமல் போகலாம். அங்கே ஈசிஎம் கப்ளரிலேயே அளக்க வேண்டும். பழைய வண்டியில் 6, 14 ஊசிகளே இல்லாமல் 7 மட்டும் இருந்தால் அது கே லைன் என்ற பழைய ஒற்றை வயர் முறை. அதற்கு இந்த ஓம் கணக்கு கிடையாது.

2024 மார்ச் 17

இரண்டு பேர் ரோட்டில் ஓட்டுவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாம் கட்டுவது தோப்புக்குள், சொந்த நிலத்துக்குள் ஓடுவது. அதோடு டோனர் வண்டியின் ஆர்சியை அப்படியே பீரோவில் வைத்திருக்காதீர்கள். வண்டி இனி ஓடாது என்றால் பிரிவு 55-ன்படி 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். சேஸிஸ் நம்பர் இருக்கும் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு போய் ஆர்சியை ஒப்படையுங்கள். அந்த நம்பர் வேறு யார் கையிலாவது போய் வேறு வண்டியில் ஏறினால் வீட்டு வாசலுக்கு வருவது உங்கள் பெயர்தான்.

2024 ஏப்ரல் 7

ஏபிஎஸ்ஸை எடுத்துவிட்டு ரெசிஸ்டர் வைத்தால் போதும் என்றேன். கேன் பேச அது போதும். ஆனால் இந்தத் தம்பியின் வண்டியில் கியர்பாக்ஸில் ஸ்பீடு சென்சாரே இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. சக்கரச் சென்சார்களிலிருந்து வேகத்தைக் கணக்குப் போட்டு ஏபிஎஸ் பெட்டிதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அது போனால் என்ன ஆகும்? இன்ஜின் ஓடும். செக் லைட் எரியும், வேகம் தெரியவில்லை என்ற பி0500 அல்லது யு0121 கோட் விழும். மீட்டர் முள் எழாது. ஆக்ஸிலேட்டரை விட்டு வண்டி உருளும்போது ஐடிலிங் தடுமாறலாம். பவர் ஸ்டீயரிங் பெட்டியை வைத்திருந்தால் வேகம் தெரியாமல் அது ஒரே அளவில்தான் உதவும்.

சக்கரச் சென்சாரோடு ஏபிஎஸ்ஸையும் வைத்துக்கொள்ளலாமே என்கிறார் தம்பி. அதை யோசித்து யோசித்து இரண்டு நாள் போனது. வேண்டாம் என்பதே என் முடிவு. அந்தப் பெட்டி கற்றுக்கொண்டது பழைய வண்டியின் எடையை. இன்ஜின் முன்னால், ஆள் நடுவில். இப்போது இன்ஜின் பின்னால் போய்விட்டது, எடை குறைந்துவிட்டது, டயரும் வேறு. பிரேக்கை எப்போது விடுவது என்று பழைய கணக்கில் அது முடிவெடுக்கும். சித்தப்பா தோப்பில் கிணற்று மேட்டு இறக்கத்தில் ஈர மண்ணில் நான் பார்த்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அடித்தது, வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது. அன்றே பிடுங்கிவிட்டேன். பிரேக் பைப்பை நேரடியாக மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுத்து, முன் பின் பிரேக் அளவைச் சரிசெய்யத் தனி வால்வு போடுங்கள். செக் லைட் எரிந்தால் எரியட்டும்.

2024 ஏப்ரல் 28

ஈசிஎம்மை எங்கே மாட்டுவது? இன்ஜின் பே-க்குள் இருந்த பெட்டி வெயிலையும் தண்ணீரையும் தாங்கும்படி செய்தது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருந்தது அப்படி இல்லை. உங்களுடையது உள்ளே இருந்தது, அதனால் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில், கப்ளர் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். வயர் பெட்டிக்கு ஏறுவதற்கு முன் ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

2024 மே 12

தம்பி போன் செய்தார். வயரிங் முழுவதும் சேஸிஸில் ஏறிவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இம்மொபிலைசர் என்று சொன்னேன். வளையம் சரியாக உட்காரவில்லையோ என்று பார்க்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு நானே போகிறேன்.

2024 மே 19

போய் வந்தேன். இம்மொபிலைசர் இல்லை.

சாவியைப் போட்டதும் மீட்டரில் சாவி விளக்கு எரிந்து இரண்டு விநாடியில் அணைந்தது. சாவியை அடையாளம் கண்டுவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனரிலும் அந்த எரர் கோட் எதுவும் இல்லை. அப்புறம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு டேங்க் பக்கம் காதை வைத்தேன். சாவி போட்டதும் இரண்டு விநாடி பம்ப் முனக வேண்டும். ஃபியூஸ் பாக்ஸில் ரிலே டிக் என்றது, பம்ப் முனகவில்லை. ரிலேயிலிருந்து கரண்ட் வெளியே வருகிறது, பம்ப் கப்ளருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது.

வயரிங் செட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். கம்பெனி சுற்றியது துணி டேப், கையில் ஒட்டாது. ஓட்டுநர் பக்க வாசற்படிக்குக் கீழே போகும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கறுப்பு பிளாஸ்டிக் டேப், வெயிலுக்கு உருகிப் பிசுபிசுவென்று இருந்தது. உரித்தேன். பம்ப்புக்குப் போகும் வயரை வெட்டி, இரண்டு முனையிலும் முறுக்கி இரண்டு வயரைச் சேர்த்திருந்தார்கள். அந்த இரண்டும் ஒரு வெள்ளைக் கப்ளரில் போய் முடிந்தன. கப்ளர் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சாக்கைக் கொண்டுவரச் சொன்னேன். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, பிப்ரவரியில் சென்ட்ரல் லாக் என்று நான் ஒதுக்கச் சொன்னது, அந்தக் கப்ளரில் சரியாகப் பொருந்தியது. பழைய ஓனர் மாட்டிய திருட்டுத் தடுப்புப் பெட்டி. அதற்குள் ஒரு ரிலே. அது மூடினால்தான் பம்ப்புக்குக் கரண்ட். ரிமோட் இல்லாததால் அதை வைத்தும் பயனில்லை.

நான் சொன்னதை நம்பி அந்தத் தம்பி அதை எடைக்குப் போட்டிருந்தாலும் வயரில் இருக்கும் வெட்டு அப்படியேதான் இருந்திருக்கும். ஆனால் படத்தைப் பார்த்துப் பெயர் சொன்னது என் தப்பு. அதற்கு வரும் வயர் எங்கே போகிறது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

சேர்த்திருந்த இரண்டையும் வெட்டி எடுத்தோம். பழைய வயரின் இரண்டு முனையையும் புதுச் செம்பு தெரியும் வரை சீவி, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். தம்பி சாவியைப் போட்டார். பம்ப் முனகியது. இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது.

2024 மே 26

அவர் வண்டியில் இப்போது இருப்பவை: ஈசிஎம், இம்மொபிலைசர், மீட்டர், பாடி கன்ட்ரோல். நான் சொன்ன மூன்று நாலாகிவிட்டது. இதில் ரேடியேட்டர் ஃபேன் ரிலேக்கும் பிரேக் ஸ்விட்ச்சுக்கும் கரண்ட் பாடி கன்ட்ரோல் வழியாகத்தான் வருகிறது. அதைக் கழற்றிப் பார்த்தபோது ஃபேன் நின்றுவிட்டது, இந்த வெயிலில் அது கூடாது.

ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், ஏசி, ரிமோட் லாக், பார்க்கிங் சென்சார் ஐந்தும் சாக்கில் இருக்கின்றன. ஏர்பேக் பெட்டி தனியாக. கறுப்புப் பெட்டியை நான் கடைக்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். ஃபேன் இன்னும் 92 டிகிரியிலேயே ஓட ஆரம்பிக்கிறதாம், டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் எங்கிருந்து போகிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.